எல்லோருக்கும் தெரிந்த செய்தி

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பிறகுதான் எங்கள் பத்திரிகையில் செய்தி வரும். மாதம் ஒரு இதழ், 16 பக்கம், சுமார் 400 வீடுகள். சாலை வேலை பாதியில் நின்றது, நூலக நேரம் மாறியது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று எதை எழுதினாலும், அச்சேறும்போது அது பழங்கதை ஆகியிருக்கும். தொடக்கத்தில் இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது. அப்புறம்தான் கவனித்தேன்: யாரும் செய்தி தெரிந்துகொள்ள எங்கள் இதழைப் படிப்பதில்லை. தமக்குத் தெரிந்ததை நான் ஒழுங்காக எழுதியிருக்கிறேனா என்று பார்க்கத்தான் படிக்கிறார்கள். பெரிய பத்திரிகை நிருபர், கூட்டத்துக்கு 40 பேர் வந்தார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். நான் எழுதினால், வந்திருந்த 31 பேரும் மறுநாள் என்னை வழிமறிப்பார்கள்.

பெயர் விஷயத்தில்தான் அதிகம் அடி வாங்கியிருக்கிறேன். பள்ளி விளையாட்டு விழாவில் பரிசு வாங்கிய 23 பிள்ளைகளின் பட்டியலை மூன்றாம் பக்கத்தில் போட்டேன். 22 பெயர்தான் வந்திருந்தது. இதழ் வந்த அன்று மாலையே பாட்டி ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். "எல்லாப் பிள்ளை பேரையும் போட்டுட்டு எம் பேத்தியை மட்டும் விட்டுட்டியேப்பா" என்றார். கோபமே இல்லாமல் சொன்னதுதான் தாங்க முடியவில்லை. அடுத்த மாதம் கட்டம் கட்டித் திருத்தம் வெளியிட்டேன். மறுபடியும் வந்தார். "மத்தவங்க பேரெல்லாம் முன்னாடி இருந்துச்சு, இது கடைசியில கிடக்கு." உண்மைதான், 14ஆம் பக்கத்தில் போட்டிருந்தேன். அன்றிலிருந்து தவறு வந்த பக்கத்திலேயே திருத்தமும் வருகிறது. பெயர்களையும் காதால் கேட்டு எழுதுவதில்லை. அவரவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறேன். லகர ளகர ழகரச் சண்டை பாதி குறைந்தது.

அதைவிட மோசமான தவறு ஒன்றும் செய்திருக்கிறேன். மருத்துவ முகாம் அறிவிப்பில் 'சனிக்கிழமை, 14ஆம் தேதி' என்று வந்துவிட்டது. 14 ஞாயிறு. கிழமையை நம்பியவர்கள் சனிக்கிழமை வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அதில் ஒருவர் ஊன்றுகோலுடன் வந்தவர். நாலு பேர் ப்ரூஃப் பார்த்திருந்தோம். நாலு பேரும் எழுத்துப்பிழை தேடினோமே தவிர, நாட்காட்டியை யாரும் புரட்டவில்லை. தேதி சரியாக எழுதப்பட்டிருந்தது, கிழமையும் சரியாக எழுதப்பட்டிருந்தது, இரண்டும் ஒன்றுக்கொன்று சேரவில்லை. கண்ணுக்குத் தப்புவது பெரும்பாலும் இந்த வகைத் தவறுதான். இப்போது ஒருவருக்கு அது மட்டுமே வேலை: நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியையும் ஒத்துப் பார்ப்பது, ஒவ்வொரு தொலைபேசி எண்ணையும் அழைத்துப் பார்ப்பது. சலிப்பான வேலை. ஆனால் முதல் மாதமே, இரண்டு இலக்கம் இடம் மாறிப்போன ஒரு எண்ணைப் பிடித்துவிட்டார்.

பக்கக் கணக்கு தனிக் கூத்து. ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு ஏ5 பக்கம். அதனால் இதழ் 12 பக்கமாகும், 16 ஆகும், 20 ஆகும், 17 ஆகாது. 17 பக்கத்துக்கு மேட்டர் சேர்ந்துவிட்டால் ஒரு பக்கத்தை வெட்ட வேண்டும், இல்லையென்றால் இன்னும் மூன்று பக்கத்துக்குத் துணுக்கு தேட வேண்டும். நான் எப்போதும் வெட்டுவேன். வெட்டுப்படுவது பெரும்பாலும் என் தலையங்கம்தான், அதற்காக இதுவரை ஒருவரும் வாசலில் வந்து நின்றதில்லை. நடுப்பக்கமான 8, 9 மட்டும் ஒரே விரிப்பாகக் கிடைக்கும். ஆசைப்பட்டு அங்கே ஒரு குழுப்படத்தைப் போட்டோம். தாள்களைச் சேர்த்து அடிக்கும் பின், சரியாக ஒருவர் நெற்றியில் இறங்கிவிட்டது. பொட்டு வைத்ததற்கு நன்றி என்று அவர் சிரித்ததால் பிழைத்தேன்.

படங்களும் லேசில் அடங்காது. ஏ5 பக்கத்தின் அகலம் 148 மில்லிமீட்டர். ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்றால், பக்க அகலப் படத்துக்குக் குறுக்கே 1,750 பிக்சலாவது இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் நாலு கை மாறி வந்த படம் திரையில் பளிச்சென்றுதான் தெரியும், அச்சில் முகமெல்லாம் கலங்கிவிடும். "டாக்குமென்டா அனுப்புங்க அண்ணே" என்று மாதாமாதம் சொல்கிறேன். மாதாமாதம் கலங்கல்தான் வருகிறது.

எழுதாமல் விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு குடும்பத்துக்கு நடுவே வரப்புத் தகராறு என்றால் நான் தொடமாட்டேன். அது அவர்கள் பிரச்சினை. பொதுப்பணம் என்று வந்தால் தொடுவேன். ஒரு முறை பொதுக் கட்டடப் பராமரிப்புக் கணக்கில் செலவும் ரசீதும் ஒத்துப்போகவில்லை. யாரையும் குற்றம் சாட்டாமல், பொறுப்பிலிருந்தவரின் விளக்கத்தையும் கேட்டு வாங்கி, தொகைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டோம். 'முறைகேடு' என்ற சொல்லை எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் அடித்தேன். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. வழக்கமாகப் பின்னட்டை விளம்பரம் தருபவர் அடுத்த மாதம் தரவில்லை. அந்த ஒரு விளம்பரம்தான் அச்சுச் செலவில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொண்டிருந்தது. 400 பிரதியை 200 ஆகக் குறைத்தாலும் செலவு பாதியாகாது; பக்கம் அமைத்து, பிளேட் என்கிற அச்சுத் தகடு போட்டு, இயந்திரத்தை ஓடவிடும் வரை ஆகும் செலவு அப்படியேதான் இருக்கும். பிரதியைக் குறைக்காமல் இரண்டு இதழைக் கறுப்பு வெள்ளையில் கொண்டுவந்தோம். வண்ணத்துக்கு மைக்கு ஒன்றாக நான்கு பிளேட் வேண்டும், கறுப்பு வெள்ளைக்கு ஒன்று போதும்.

போன வருஷம், எங்கள் பத்திரிகையின் முதல் மூன்று இதழ்கள் தேவைப்பட்டன. எங்களிடம் ஒரு பிரதிகூட இல்லை. கோப்புகள் இருந்த கணினி எப்போதோ போய்விட்டது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் இருக்கலாம் என்றார்கள். இருந்தது, மாத வாரியாக நூல் கட்டி வைத்திருந்தார். பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் சிவப்பு மை. நான் விட்ட ஒற்று, தப்பாகப் போட்ட வருஷம், படத்தின் கீழே இடம் மாறிய பெயர் என்று ஒன்றையும் அவர் விடவில்லை. "இதை ஏன் சார் அப்பவே சொல்லல?" என்று கேட்டேன். "நீ கேக்கலயே தம்பி" என்றார்.

கட்டைக் கொடுத்துவிட மாட்டேன் என்றும் சொல்லிவிட்டார். நகல் எடுக்க அவரே கூட வந்தார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெளியே வந்த ஒவ்வொரு தாளையும் எண்ணி வாங்கி வைத்துக்கொண்டார். சிவப்பு மை நகலில் கறுப்பாகத்தான் விழுந்திருந்தது.