புளியங்கொட்டையில் பேஸ்பால்

மார்ச் 3, திங்கள்

வாசல் முழுக்கப் புளி. ஆயா கொட்டை எடுக்கிறது, நான் திண்ணையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பேஸ்பால் கேம் எழுதுகிறேன். தர்மபுரியில் பேஸ்பால் யாருக்கு என்று தம்பி கேட்கிறான். சரியான கேள்விதான்.

இன்றைக்கு ஒரு முட்டாள்தனம் செய்தேன். பேட்டரின் சராசரி 0.300, அதாவது பத்து முறை ஆடினால் மூன்று ஹிட். பந்து வீசும் பிட்சரும் மோசம், பத்துக்கு மூன்று ஹிட், அதாவது 0.300 விட்டுக்கொடுப்பவர். லீக் சராசரி 0.250. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதே 0.300 வருகிறது. ஆனால் பேட்டர் அந்த 0.300-ஐ எடுத்ததே சுமாரான பிட்சர்களிடம். இந்த ஆளிடம் இன்னும் வெளுக்க வேண்டாமா?

மார்ச் 5, புதன்

வழி கிடைத்தது. பேஸ்பால் புள்ளிவிவரக்காரர் பில் ஜேம்ஸின் லாக்5 என்ற கணக்கு. பேர்தான் பயமுறுத்துகிறது. 0.300 என்றால் 3 ஹிட்டுக்கு 7 அவுட், அதாவது 3/7. பிட்சருக்கும் 3/7. இரண்டையும் பெருக்கி, லீக்கின் 0.250-க்கான 1/3-ஆல் வகுத்தால் 27/49. 27 ஹிட்டுக்கு 49 அவுட், ஆக 0.355. அப்புறம் கம்ப்யூட்டர் 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு எண்ணை எடுக்கும். அது 0.355-க்குக் கீழே இருந்தால் ஹிட்.

மார்ச் 8, சனி

1961-இல் ஹால் ரிச்மன் கொண்டுவந்த ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் என்ற பேஸ்பால் அட்டை விளையாட்டில் கம்ப்யூட்டரே இல்லை, மூன்று பகடைதான். ஒரு பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டரின் அட்டையைப் பார்க்க வேண்டும். 4, 5, 6 என்றால் பிட்சரின் அட்டை. மற்ற இரண்டின் கூட்டுத்தொகை அந்த அட்டையில் எந்த வரி என்று சொல்லும். பாதிக்குப் பாதி என்பதால் பேட்டரின் அட்டையில் 0.300 என்று எழுதினால் தப்பு. 0.350 எழுத வேண்டும். சுமாரான பிட்சரின் 0.250-உடன் சேர்ந்து 0.300 ஆகிவிடும். அதே கணக்கில் என் மோசமான பிட்சருக்கும் 0.350. இருவரும் மோதினால் 0.350. லாக்5 சொன்ன 0.355-க்கு எவ்வளவு பக்கம்! இதை யோசித்தபடியே மதியச் சோற்றை ஆறவிட்டேன், திட்டும் வாங்கினேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஆயாவின் தாயக் கொட்டைகளைக் கேட்டு வாங்கினேன். ஒரு பக்கம் உரைத்து வெள்ளையாக்கிய நாலு புளியங்கொட்டை. மூன்றோ நாலோ வெள்ளை விழுந்தால் ஹிட் என்று வைத்தேன். இரண்டு பக்கமும் சமமாக விழுந்தால் 5/16, அதாவது 0.3125. அருமையான பேட்டர்!

ஐம்பது முறை போட்டேன். 22 ஹிட். அதிர்ஷ்டமா, கொட்டையில் கோளாறா? ஆயாவிடம் காட்டினேன்.

"நான் உரைச்ச கொட்டைடா அது. எனக்கு எப்படி விழணுமோ அப்படித்தான் விழும். எண்ணி வெச்சிரு, ஒண்ணு கொறைஞ்சாலும் விடமாட்டேன்."