உலர் உணவைத் தொடாத மைலோ

தத்தெடுத்த நாய் உலர் உணவைத் தொட மறுக்கிறது என்று யாரிடம் சொன்னாலும், "பட்டினி போடுங்கள், பசித்தால் தானாகச் சாப்பிடும்" என்ற அறிவுரைதான் முதலில் வருகிறது. குட்டியாக இருந்தபோதே வீட்டில் வளர்ந்து, தட்டு மாறியதற்காக முகம் சுளிக்கும் நாய்க்கு அது ஓரளவு பொருந்தலாம். தொழிற்பேட்டையில் வளர்ந்து, பிடிபட்டு, சில காலம் காப்பகத்தில் இருந்து, பிறகு முன்பின் அறியாத ஒரு வீட்டுக்குள் கொண்டுவரப்பட்ட நாய்க்கு அது சற்றும் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து. அப்படிப்பட்ட நாய் அடம்பிடிப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கிண்ணத்தில் இருப்பது உணவு என்பதே அதற்குத் தெரிவதில்லை.

எங்கள் மைலோ சிங்கப்பூரின் துவாஸ் பக்கத்துத் தொழிற்பேட்டை ஒன்றில் வளர்ந்தவன். சிங்கப்பூர் ஸ்பெஷல் என்று இங்கே எல்லாரும் அன்போடு அழைக்கும் உள்ளூர்க் கலப்பு நாய். இத்தகைய நாய்களையும் வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் வளர்க்க வழிசெய்யும் அடோர் திட்டம் 2012-இல் தொடங்கப்படாமல் இருந்திருந்தால், ஈசூனில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அவன் வந்திருக்கவே முடியாது. அவனை மீட்ட தொண்டூழியர் சொன்ன ஒரு செய்திதான் பின்னால் எங்களுக்குப் பெரிதும் உதவியது. அந்த வட்டாரத்தில் வேலை செய்த நம் ஊர்த் தம்பிமார்கள், தங்கள் மதிய உணவுப் பொட்டலத்தில் மிஞ்சிய சோற்றையும் கோழித் துண்டுகளையும் பழுப்புத் தாளோடு அப்படியே அவன் முன்னால் விரித்து வைப்பார்களாம். அவனைப் பொறுத்தவரை உணவு என்றால் ஈரமாக இருக்கும், மணக்கும், ஒரு மனிதர் குனிந்து வைப்பார். எவர்சில்வர் கிண்ணத்தில் கிடந்த காய்ந்த உருண்டைகளில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

பழக்கத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உடலைப் பார்த்துவிட வேண்டும். பல் உடைந்திருந்தாலோ ஈறு வீங்கியிருந்தாலோ நாய் கடினமான உணவை ஒதுக்கும். அல்லது கவ்விக் கீழே போடும், ஒரு பக்கமாகவே மெல்லும். உண்ணிகளால் பரவும் எர்லிக்கியா, பபேசியா போன்ற நோய்கள் வெளியில் வளர்ந்த நாய்களுக்கு இங்கே வரக்கூடியவை. பசியின்மை அவற்றின் அறிகுறிகளில் ஒன்று. ஆகவே வாயைப் பரிசோதித்து, ரத்தப் பரிசோதனையும் செய்த பிறகுதான் கிண்ணத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். வளர்ந்த, ஆரோக்கியமான நாய் ஒரு வேளை உணவைத் தவிர்ப்பதால் கேடில்லை. ஆனால் ஒரு நாளுக்கு மேல் எதையுமே தொடாமல் சோர்ந்து கிடந்தாலோ வாந்தி எடுத்தாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும். குட்டிகளுக்கு அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

சோறும் கோழியுமே அவனுக்குப் பிடிக்கும் என்றால் அதையே கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இறைச்சியில் பாஸ்பரஸ் நிறைய இருக்கிறது, சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சோறு அந்தக் குறையை ஈடுசெய்யாது. வெறும் கோழிச்சோற்றிலேயே மாதக்கணக்கில் வளரும் நாயின் உடல், தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளத் தொடங்கும். வீட்டில் சமைத்துப் போட விரும்புபவர்கள் மருத்துவரின் துணையோடு சரியான அளவில் சத்துகளைச் சேர்த்துச் சமைக்கலாம். அது நல்ல வழிதான். பையின் மேல் முழுமையான, சமச்சீரான உணவு என்று குறிப்பிட்டிருக்கும் உலர் உணவில் அந்தக் கணக்கை ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். அத்துடன் அடோர் திட்டத்தில் வந்த நாய் அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சியையும் முடிக்க வேண்டும். பையில் போட்டுக்கொண்டு போய் ஒவ்வொன்றாகப் பரிசளிக்க உலர் உணவைப்போல வசதியானது வேறில்லை. கடினமான உணவு பல்லைச் சுத்தமாக்கும் என்ற பேச்சை மட்டும் நம்பிவிட வேண்டாம். கிபிள் எனப்படும் இந்தச் சாதாரண உலர் உருண்டைகள் பல் துலக்குவதற்கு ஈடாகாது.

நாயின் நாவில் ஏறத்தாழ 1,700 சுவைமொட்டுகள்தான் உள்ளன. நமக்கோ 9,000 அளவில் உண்டு. நாய் முதலில் மூக்கால்தான் சாப்பிடுகிறது. உலர் உணவில் ஈரப்பதம் பத்து விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் அதன் மணம் எளிதில் எழும்புவதில்லை. வெதுவெதுப்பான நீரைச் சிறிது ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவைத்தால் மணம் மேலே வரும். நீரின் சூடு நாயின் உடல் வெப்பமான 38, 39 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும், கொதிக்கும் நீர் வேண்டாம். உப்பும் வெங்காயமும் பூண்டும் சேர்க்காமல் வேகவைத்த கோழியின் நீர் இன்னும் நல்லது. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை என்பதால், நம் வீட்டுச் சாம்பாரையும் ரசத்தையும் குழம்பையும் "கொஞ்சமாக" ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை நான் வன்மையாக எதிர்க்கிறேன். இந்த வெப்பத்தில் ஊறிய உணவு விரைவில் கெட்டுவிடும். இருபது நிமிடத்தில் சாப்பிடாவிட்டால் எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

எங்கள் வீட்டில் இந்த விதிகளையெல்லாம்விடப் பெரிய கேள்வியாக இருந்தது அம்மாவின் மனம். "வாயில்லாச் சீவனுக்கு இப்படிக் கல்லைப் போடுறியேம்மா" என்று அவர் சொன்னதில் கோபம் இல்லை, வேதனைதான் இருந்தது. தோசை சுடும் நேரத்தில் மைலோ அவர் காலடியில் போய் அமர்வான். ஒரு துண்டு, இன்னொரு துண்டு என்று முழுத் தோசையும் போய்விடும். பதினைந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்யப்பட்ட நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி தேவை. அதில் பத்து விழுக்காட்டுக்கு மேல் தின்பண்டமாகப் போகக் கூடாது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. ஒரு தோசையே 100 கலோரியைத் தாண்டிவிடும். தோசை கிடைக்கும் என்று தெரிந்த நாய் எதற்காகக் கிண்ணத்துக்குப் போக வேண்டும்?

அம்மாவைத் தடுப்பதில் எனக்கு மனமில்லை. அவனுக்கு உணவு என்பது ஒரு கையிலிருந்து வருவது; இந்த வீட்டில் அவன் நம்பிய முதல் கை அம்மாவுடையது. எனவே உலர் உணவை ஊட்டும் பொறுப்பையே அவரிடம் கொடுத்தேன். அளந்து வைத்த கிபிளிலிருந்து நாலைந்து உருண்டைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, சமையலறை வாசலில் முக்காலி போட்டு அவர் அமர்வார். மைலோ முதலில் கையை முகர்ந்தான், நக்கினான், பிறகு ஒன்றை எடுத்து ஓரமாகப் போய் வைத்துவிட்டு வந்தான். சில நாள்களில் அங்கேயே நின்று மென்றான். அவன் மெல்லும் ஓசையை அம்மா என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். கையிலிருந்து தரைக்கு மாறுவதற்கு, தொண்டூழியர் சொன்னதை நினைத்து ஒரு பழுப்புத் தாளை விரித்தோம். தாள் சரசரத்த உடனேயே அவன் காதுகள் நிமிர்ந்தன. தாளைக் கிழித்து விழுங்கிவிடக் கூடாது என்பதால் பக்கத்திலேயே இருந்தோம். கழுத்துப்பட்டையின் வில்லை கிண்ணத்தில் மோதி எழுப்பும் ஓசை அவனைத் திடுக்கிடச் செய்ததால் எவர்சில்வரை விட்டுவிட்டு அகலமான பீங்கான் தட்டுக்கு மாறினோம். தட்டை வைக்கும் இடத்தையும் மாற்றினோம்: பின்னால் சுவர், எதிரே அறை முழுவதும் கண்ணில் படும் ஒரு மூலை. வெளியில் வாழ்ந்த நாய் தன் முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடும்போது நிம்மதியாகத் தலைகுனிந்து சாப்பிடாது.

விகிதத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்: பழைய உணவில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, அரை, முக்கால் என்று ஏழு முதல் பத்து நாளில் முழுமையாக மாற்றலாம் என்பது பொதுவான முறை. அது வயிற்றுக்கான கணக்கு. மனத்துக்கு அதைவிட அதிகக் காலம் தேவைப்படும் நாய்களை அவசரப்படுத்தக் கூடாது. மைலோ கலவையிலிருந்து கோழியை மட்டும் பொறுக்கித் தின்ற கட்டத்தில், கோழியை மிக நுணுக்கமாக உதிர்த்து ஊறிய கிபிளோடு பிசைந்தது பயன்பட்டது. அதன்பின் நீரின் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்தோம்.

இந்த ஊரில் வாழ்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. உலர் உணவை 27 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். நம் வீடுகளில் பகல் வெப்பம் 31, 32 டிகிரி, காற்றில் ஈரமும் அதிகம். திறந்த பையில் உள்ள கொழுப்பு இங்கே விரைவில் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கும். நமக்குத் தெரிவதற்கு முன்பே நாயின் மூக்குக்கு அது தெரிந்துவிடும். நேற்றுவரை சாப்பிட்ட நாய் பையின் கடைசிப் பகுதியை மறுத்தால், முதலில் பையை முகர்ந்து பாருங்கள். மலிவாக இருக்கிறதென்று பெரிய மூட்டையை வாங்குவதை நான் விட்டுவிட்டேன். நாலைந்து வாரத்தில் தீரும் அளவுள்ள பையை வாங்கி, அந்தப் பையோடு சேர்த்தே காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன். உணவு வேளையையும் வெயிலுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம்: காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் ஒன்று, இரவு நடை முடிந்து மூச்சிரைப்பு அடங்கிய பிறகு இன்னொன்று.

இப்போது மைலோ இரவு வேளையை நீரில்லாமலே சாப்பிடுகிறான். காலையில் மட்டும் இரண்டு கரண்டி வெந்நீர் கேட்கும் வழக்கம் நிற்கவில்லை, அதை நிறுத்தும் எண்ணமும் எங்களுக்கு இல்லை. இடி முழங்கும் நாள்களில் அவன் தட்டின் பக்கமே வருவதில்லை. அப்போது தட்டை எடுத்துவிடுகிறோம், கெஞ்சுவதில்லை, தோசையும் கொடுப்பதில்லை. அம்மா அவன் பக்கத்தில் அமர்ந்து முதுகைத் தடவிக்கொடுப்பார், அடுத்த வேளைக்குரிய அளவை அடுத்த வேளையில் வைப்பார்.