சனிக்கிழமை லிஸ்ட்டை நிறுத்த நான் அலைந்த கதை

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளைப் பள்ளியில் ஒரு தேர்வு வைத்து ஃபவுண்டேஷன் பேட்ச்சில் எடுத்துக்கொண்டார்கள். வெளியிலிருந்து வரும் கோச்சிங் நிறுவனம் பள்ளிக்குள்ளேயே நடத்தும் வகுப்பு. ஒலிம்பியாட் போட்டிகள், ஐ.ஐ.டி. சேர்வதற்கான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு என்று உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்.

சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை லீவு முடிந்ததும் அவளுக்குக் காலை வயிற்றுவலி ஆரம்பித்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் வலிப்பதில்லை என்று முதலில் கேட்டது என் அம்மா. டாக்டர் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் நடுராத்திரியில் எழுந்து பார்த்தால், கம்ப்யூட்டர் திருத்தும் பழைய ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டம் நிரப்பிப் பழகிக்கொண்டிருக்கிறாள். பேனா அழுந்தி அழுந்தி வட்டங்களெல்லாம் பொத்தல். "தப்பாப் போட்டா அழிக்க முடியாதுப்பா" என்றாள்.

கணக்கு அவளுக்கு உயிர். பயமெல்லாம் சனிக்கிழமை சாயங்காலம் வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ராங்க் லிஸ்ட்டில்தான்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறையை அப்படியே போட்டுவிட்டுப் பள்ளி ஆபீஸுக்குப் போய், லிஸ்ட் போடுவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். "இருந்தா முழுசா இருக்கணும், இல்லன்னா மொத்தமா வெளிய வந்துரணும் சார், நடுவுல ஒண்ணும் கிடையாது" என்றார் அங்கிருந்தவர். சரி, மெடிக்கல் சர்டிபிகேட்டாவது கொண்டுவாருங்கள் என்றார். குழந்தை டாக்டரிடம் வாங்கிப் போனால் அதில் 'ஓய்வு தேவை' என்று ஒரே வரி. "இதை வெச்சு லீவு போடலாம், வேற என்ன பண்றது?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு.

அடுத்து, 'குழந்தைகள் மன ஆலோசகர்' என்று போர்டு மாட்டியிருந்த ஒருவர். மகளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் ஞாபகசக்திப் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொன்னார். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். உள்ளே போய் உட்காரும் முன்பே அதைக் கேட்டுவிடுங்கள்.

கடைசியில் 14416-க்கு அடித்தேன். டெலி மனஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். ஜி.ஹெச். மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். அங்கே உளவியலாளர் அம்மா என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு மகளிடம் தனியாகப் பேசினார். பிறகு எனக்குச் சில சொன்னார். வலி என்றால் வீட்டில் நிறுத்திவைக்கக் கூடாது, நிறுத்த நிறுத்தப் பயம் பெருகும். 'பயப்படாதே' என்று சொல்வதை விட்டுவிட்டு, 'பயம் இருந்தாலும் முதல் கேள்வியைத் தொடு' என்று சொல்ல வேண்டும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். இந்த வயதுக்கு எட்டு மணி நேரத் தூக்கமாவது வேண்டும். பதினொன்று வரை வீட்டுப்பாடம், ஆறரைக்கு வேன் என்றால் எந்தக் கணக்கில் எட்டு வரும்?

கடிதமும் கொடுத்தார். அதில் நோயின் பெயரோடு நிற்காமல், பள்ளி செய்ய வேண்டியதை எழுதியிருந்தார்: மதிப்பெண்ணை அவளிடம் மட்டும் சொல்லவும், கொஞ்ச காலத்துக்கு ஓ.எம்.ஆர். இல்லாமல் தேர்வு வைக்கவும். சாயங்கால வகுப்பைக் குறைக்கவும். கேட்டு வாங்குவதானால் இப்படிப்பட்ட கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கூடவே, மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் கோச்சிங் சென்டர்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலைப் பிரிண்ட் எடுத்து, சிவப்பில் கோடு போட்டுக் கொண்டுபோனேன். 16 வயதுக்குக் கீழே சேர்க்கக் கூடாது, தேர்வு முடிவைப் பொதுவில் போடக் கூடாது, நடுவில் விலகினால் மீதிக் காலத்துக் கட்டணத்தைப் பத்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் இல்லை, வழிகாட்டுதல்தான். ஆனாலும் மேஜைமேல் வைத்ததும் குரல் இறங்கியது.

"இது கோச்சிங் சென்டருக்குத்தான் சார், ஸ்கூலுக்கு இல்ல" என்றார் ஒருங்கிணைப்பாளர். கட்டண ரசீதை எடுத்து நீட்டினேன். மேலே அச்சாகியிருந்தது கோச்சிங் நிறுவனத்தின் பெயர். கொஞ்ச நேரம் ரசீதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரசீதை மட்டும் எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடாதீர்கள்.

இப்போது மதிப்பெண் அந்தந்த வீட்டுக்குத் தனித்தனியாக வருகிறது. 'எம் பையன் எத்தனையாவதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?' என்று சில பெற்றோர் என்மேல் கோபமாக இருக்கிறார்கள். இருக்கட்டும். மகளுக்குச் சில காலைகளில் இன்னும் வலிக்கிறது, ஆனாலும் வேன் ஏறிவிடுகிறாள். கணக்கு வகுப்பு தொடர்கிறது, சாயங்கால இயற்பியலை விட்டுவிட்டோம். அதற்கான பணம்தான் பத்து நாள் தாண்டியும் வரவில்லை. திங்கட்கிழமை எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிவரப் போகிறேன்.