பட்டியல் வரும் நேரம்: இடதுசாரித் தலைமை மாற்றம் பற்றிய நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 26, வெள்ளி

சண்டிகரில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் 25ஆவது அகில இந்திய மாநாடு நேற்று முடிந்தது. டி.ராஜா மீண்டும் பொதுச்செயலாளர். 2019 ஜூலையில் சுதாகர் ரெட்டி உடல்நலக் காரணத்தால் விலகியபோது பொறுப்புக்கு வந்தவர் அவர். கட்சி வகுத்த 75 வயது வரம்பு அவருக்குத் தளர்த்தப்பட்டிருக்கிறது. ஏப்ரலில் மதுரையில் நடந்த மார்க்சிஸ்ட் கட்சி மாநாட்டிலும் இதே 75 வயது வரம்புதான். அங்கே விலக்கு பெற்றவர்களில் ஒருவர் அப்போது கேரள முதலமைச்சராக இருந்த பினராயி விஜயன்.

அடுத்தது யார் என்று ஊடகம் கேட்கிறது. ஸ்தாபனத்துக்குள் இருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: பெயர் எந்த நாளில் வெளிவருகிறது? யார் கையிலிருந்து வருகிறது? மறுப்பவருக்கு என்ன வழி இருக்கிறது? அடுத்த சில வாரங்கள் இங்கே இதை மட்டும் எழுதப்போகிறேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மார்க்சிஸ்ட் கட்சியின் நடைமுறையைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நகல் அரசியல் தீர்மானம் வெளியிடப்பட வேண்டும். கிளை வரை அதை விவாதிப்பார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் எழுதி மத்தியக் குழுவுக்கு அனுப்பலாம். அந்தத் திருத்தங்களில் எத்தனை ஏற்கப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்ற கணக்கு மாநாட்டில் வைக்கப்படும். உலகில் பல கட்சிகளுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது.

தலைமைக்கு வருவோம். விடைபெறும் மத்தியக் குழு புதிய மத்தியக் குழுவுக்கான பேனலை, அதாவது பெயர்ப் பட்டியலை, முன்வைக்கும். பிரதிநிதி ஒருவர் அதிலுள்ள பெயரை ஆட்சேபிக்கலாம், புதிய பெயரையும் முன்மொழியலாம். கூடுதல் பெயர் எதுவும் இல்லையென்றால் கைதூக்கி முடித்துவிடுவார்கள். இருந்தால் ரகசிய வாக்கெடுப்பு. நிரப்ப வேண்டிய இடங்கள் எத்தனையோ அத்தனை வாக்குகள் ஒவ்வொரு பிரதிநிதிக்கும் உண்டு. ஒரு வேட்பாளருக்கு ஒன்றுக்கு மேல் போட முடியாது. இப்படித் தேர்வான மத்தியக் குழு தன்னிலிருந்து பொதுச்செயலாளரையும் அரசியல் தலைமைக் குழுவையும் தேர்ந்தெடுக்கும்.

மதுரையில் மத்தியக் குழுவுக்கு 85 இடங்கள். 84 பேர் தேர்வானார்கள், ஒரு இடம் காலியாக விடப்பட்டது. பேனலுக்கு வெளியே நின்ற மகாராஷ்டிர சிஐடியு தலைவர் டி.எல்.கராட் பெற்றது 31 வாக்கு. இந்த வாக்கு முறையில் இது எதிர்பார்க்கக்கூடிய எண்ணிக்கைதான். கூடுதல் பெயருக்கு வாக்களிக்க விரும்பும் பிரதிநிதி, பேனலிலிருந்து ஒருவரின் பெயரை அடிக்க வேண்டும். யார் பெயரை அடிப்பது என்று நூற்றுக்கணக்கானோர் தனித்தனியாக முடிவு செய்யும்போது எதிர்ப்பு பல பெயர்கள் மேல் சிதறிவிடுகிறது. பேனலில் கடைசி இடத்தில் இருப்பவர்கூடப் பாதுகாப்பாக உள்ளே வந்துவிடுவார்.

இந்த வாக்கு முறையை மாற்றினாலும் பெரிய பயன் இருக்காது என்பது என் கணிப்பு. கோளாறு காலக்கணக்கில் இருக்கிறது. தீர்மானத்துக்கு இரண்டு மாதம் கிடைக்கிறது. பேனல் மாநாட்டின் கடைசி நாளில்தான் பிரதிநிதியின் கைக்கு வருகிறது.

அக்டோபர் 1, புதன்

பெயரைப் பற்றி வெளிப்படையாகப் பேச இடமில்லாத கட்சியில், அந்தப் பேச்சு அரசியல் தீர்மானத்துக்குள் புகுந்துகொள்ளும். 2018 ஜனவரியில் கொல்கத்தாவில் கூடிய மத்தியக் குழு, காங்கிரஸ் குறித்த நிலைப்பாட்டில் சீதாராம் யெச்சூரியின் நகலை 55–31 என்று நிராகரித்தது. பொதுச்செயலாளரின் வரைவே தோற்ற நிலை. ஏப்ரலில் ஹைதராபாத் மாநாட்டில் ரகசிய வாக்கெடுப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. கடைசியில் வாசகம் திருத்தப்பட்டது: அரசியல் கூட்டணி இல்லை என்பது நின்றது, புரிந்துணர்வுக்குத் தடை விதித்த சொற்கள் போயின. யெச்சூரி பொறுப்பில் தொடர்ந்தார்.

கருத்து வேறுபாடு உண்மையானதுதான். ஆனால் அந்தச் சொற்கள் தங்குவதும் போவதும் யார் செயலாளர் என்ற கேள்வியோடு சேர்த்தே எண்ணப்பட்டது. இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக வைக்க ஒரு மேடை இருந்திருந்தால், கிளையில் இருக்கும் தோழர் தான் எதற்கு வாக்களித்தோம் என்று தெளிவாகச் சொல்லியிருப்பார்.

அக்டோபர் 4, சனி

மூன்று முறை, நான்கில் மூன்று பங்கு. இந்த இரண்டு எண்களையும் கவனியுங்கள்.

2012இல் கோழிக்கோடு மாநாட்டில் மார்க்சிஸ்ட் கட்சி தன் அமைப்புச் சட்டத்தைத் திருத்தியது. எந்த மட்டத்துச் செயலாளரும் மூன்று முழுப் பதவிக்காலத்துக்கு மேல் இருக்க முடியாது. முழுப் பதவிக்காலம் என்பது இரண்டு மாநாடுகளுக்கு இடைப்பட்ட காலம். பொதுச்செயலாளர் விஷயத்தில், விசேஷ சூழ்நிலை என்றால் மத்தியக் குழு நான்கில் மூன்று பங்குப் பெரும்பான்மையோடு நான்காவது முறை தரலாம். ஐந்தாவது எந்த நிலையிலும் கிடையாது.

1961இல் சோவியத் கட்சியின் 22ஆவது மாநாடு ஏற்ற விதிகளிலும் இதே எண்கள் இருக்கின்றன. உச்ச அமைப்பின் உறுப்பினர்கள் பொதுவாகத் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் கூடாது. விதிவிலக்கு வேண்டுமென்றால் ரகசிய வாக்கில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு. இதோடு ஒவ்வொரு தேர்தலிலும் கட்டாயப் புதுப்பித்தல்: மத்தியக் குழுவில் குறைந்தது நான்கில் ஒரு பங்கு, குடியரசு, பிராந்தியக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கு, நகர, மாவட்டக் குழுக்களில் பாதி.

இந்த விதி ஐந்தாண்டுகூட நிற்கவில்லை. குருஷ்சேவ் 1964 அக்டோபரில் அகற்றப்பட்டார். 1966இல் 23ஆவது மாநாடு இந்த ஏற்பாட்டை நீக்கியது. அடித்தட்டு ஊழியரில் பாதிப்பேர் ஒவ்வொரு முறையும் வெளியேற வேண்டும், மேலே கால் பங்கு மட்டும், அங்கேயும் அனுபவமுள்ளவர் என்ற பெயரில் விலக்கு உண்டு. அதாவது யாருக்குப் பதவி குறைவோ அவருக்கே சுமை அதிகம். மாவட்டச் செயலாளர்கள் இந்த விதியைக் காப்பாற்ற எந்தக் காரணமும் இல்லை.

நீக்கிய பிறகு நடந்ததும் தெரிந்ததே. பிரெஷ்னெவ் 1982 நவம்பர் 10, ஆந்த்ரபோவ் 1984 பிப்ரவரி 9, செர்னென்கோ 1985 மார்ச் 10. இருபத்தெட்டு மாதத்தில் மூன்று பொதுச்செயலாளர்கள் பதவியிலேயே இறந்தார்கள்.

கோழிக்கோடு விதிக்கு ஒரு பலம் உண்டு. அது நிறைவேறியபோது பொறுப்பில் இருந்த பிரகாஷ் காரத்தையே அது முதலில் கட்டுப்படுத்தியது. 2005, 2008, 2012 என மூன்று முறை முடித்து 2015இல் விசாகப்பட்டினத்தில் விலகினார். எஸ்.ராமச்சந்திரன் பிள்ளையின் பெயரும் பேசப்பட்டு, அவர் பின்வாங்கியதும் யெச்சூரி ஒருமனதாக வந்தார். பதவியில் இருப்பவரை உடனே தொடும் விதிதான் நிலைக்கிறது. அடுத்தவருக்கென்று எழுதிய விதி அடுத்தவர் வரும்போது திருத்தப்படும்.

அக்டோபர் 9, வியாழன்

வயது வரம்பில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது.

மதுரையில் அரசியல் தலைமைக் குழுவிலிருந்து வயது காரணமாக வெளியேறியவர்கள்: பிரகாஷ் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார், சூர்யகாந்த மிஸ்ரா, சுபாஷிணி அலி, ஜி.ராமகிருஷ்ணன். பெரும்பாலும் 1947 முதல் 1949 வரை பிறந்தவர்கள். ஒரே தலைமுறையாக உள்ளே வந்தார்கள், ஒரே நாளில் வெளியே போனார்கள். 18 பேர் கொண்ட குழுவில் 8 பேர் புதியவர்கள். வயதை மட்டும் அளவுகோலாக வைத்தால் மாற்றம் இப்படித்தான் பல ஆண்டு தேங்கி நின்று, பிறகு மொத்தமாக வரும்.

இன்னொன்று. மாநில மட்டத்தில் வரம்பு குறைவு, மத்தியில் 75. தமிழ்நாட்டில் 2025 ஜனவரி விழுப்புரம் மாநாட்டில் கே.பாலகிருஷ்ணன் வயது வரம்பால் விடைபெற்றார், பெ.சண்முகம் மாநிலச் செயலாளரானார். ஏப்ரலில் பாலகிருஷ்ணன் அரசியல் தலைமைக் குழுவுக்குத் தேர்வானார். அனுபவம் வீணாகவில்லை, நல்லதுதான். ஆனால் மாநிலத்தில் வயது முடிந்தவர் மேலே போகும் பாதை வழக்கமாகிவிட்டால், உச்சக் குழுவில் ஒரு மாநாட்டுக் காலம் மட்டுமே மிச்சமிருப்பவர்கள் சேர்ந்துகொண்டே போவார்கள். ஐம்பதுகளில் இருப்பவர் அங்கே பத்தாண்டு வேலை செய்து தேறுவது எப்போது?

வயது வரம்போடு பங்குக் கணக்கும் வேண்டும். மாநாட்டுக்கு மாநாடு ஐந்தில் ஒரு பங்கு புதியவர் என்று வைத்தால் அலை அடிக்காது. அந்தப் பங்கு எல்லா மட்டத்துக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 1961இல் தவறியது அங்கேதான்.

அக்டோபர் 13, திங்கள்

உறுப்பினர் எல்லோரும் நேரடியாக வாக்களித்தால் தீர்ந்துவிடுமா? பிரிட்டிஷ் தொழிற்கட்சி இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறது.

1981 வரை தலைவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் மட்டுமே. அந்த ஆண்டு ஜனவரியில் வெம்ப்ளி சிறப்பு மாநாடு வாக்கைப் பிரித்தது: தொழிற்சங்கங்களுக்கு 40, எம்.பி.க்களுக்கு 30, தொகுதிக் கட்சிகளுக்கு 30 சதவீதம். செப்டம்பரில் துணைத் தலைவர் தேர்தலில் டெனிஸ் ஹீலி டோனி பென்னை ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். 2014இல் பங்குமுறை போய், ஆளுக்கொரு வாக்கு வந்தது. மூன்று பவுண்டு கட்டிய ஆதரவாளரும் வாக்களிக்கலாம்.

2015இல் வேட்பாளராக 35 எம்.பி.க்களின் முன்மொழிவு வேண்டும். ஜெரமி கோர்பினுக்குக் கெடு முடியும் தறுவாயில் கிடைத்தது 36. அவர்களில் சிலர் விவாதம் விரிவடையட்டும் என்று மட்டுமே கையெழுத்திட்டவர்கள். அவர் 59.5 சதவீதம் பெற்று வென்றார். அடுத்த ஆண்டு ஜூனில் எம்.பி.க்கள் 172–40 என்று அவர்மேல் நம்பிக்கையில்லை என்றார்கள். பதவியில் இருக்கும் தலைவர் மீண்டும் நிற்க முன்மொழிவு தேவையா என்பதை விதி தெளிவாகச் சொல்லவில்லை. தேசிய செயற்குழு 18–14 என்று தேவையில்லை என முடிவெடுத்தது. உறுப்பினர்கள் 61.8 சதவீதத்தோடு அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள்.

பிறகு சண்டை முழுக்க முன்மொழிவு சதவீதத்தைப் பற்றியே: 15 என்பது 10 ஆனது, 2021இல் 20 ஆனது. வாக்குரிமை எத்தனை லட்சம் பேருக்கு என்பதைவிட, வாக்குச்சீட்டில் எந்தப் பெயர் ஏறுகிறது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. மத்தியக் குழு பேனலும் எம்.பி.க்களின் முன்மொழிவும் இந்த ஒரு வேலையைத்தான் செய்கின்றன.

கிரேக்கத்தின் இடதுசாரிக் கட்சியான சிரிசா இன்னும் தூரம் போனது. 2023இல் இரண்டு யூரோ கட்டினால் வாக்கு. ஸ்டெஃபனோஸ் கஸ்ஸெலாகிஸ் வென்றார். சில வாரங்களிலேயே கட்சி உடைந்தது. மறு ஆண்டு அவரும் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். அமைப்புக்குள் வேலை செய்தே இராதவரைத் தலைவராக்கினால், குழுக்களும் அவரும் ஒருவரையொருவர் அறியாமலே மோத வேண்டியிருக்கும்.

அக்டோபர் 20, திங்கள்

பொலிவியாவில் நேற்று இரண்டாம் சுற்று. ரோட்ரிகோ பாஸ் வென்றார். இரண்டு வேட்பாளரில் ஒருவர்கூட இடதுசாரி இல்லை.

2020 அக்டோபர் அதிபர் தேர்தலில் இடதுசாரிக் கட்சியான மாஸின் லூயிஸ் ஆர்சே 55 சதவீதம் பெற்றார். கடந்த ஆகஸ்டில் அதே கட்சியின் வேட்பாளர் பெற்றது 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. பொருளாதார நெருக்கடி ஒரு காரணம்: டாலர் இல்லை, எரிபொருள் இல்லை. ஆனால் 55ஐ 3 ஆக்கியது அது மட்டுமில்லை.

மாஸ் கட்சித் தலைவரும் அப்போதைய அதிபருமான எவோ மொராலெஸ் 2016 பிப்ரவரியில் நான்காம் முறை நிற்க வாக்கெடுப்பு வைத்தார். 51 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அடுத்த ஆண்டு நீதிமன்றம் வழிவிட்டது. 2019இல் நின்றார், நவம்பரில் பதவி விலகி நாட்டைவிட்டுப் போக நேர்ந்தது. ஆர்சே வேட்பாளராக அறிவிக்கப்பட்டது மொராலெஸ் அடைக்கலமிருந்த புவனோஸ் ஐரெஸில். அரசு ஆர்சே கையில், கட்சித் தலைமை மொராலெஸ் கையில். 2023 அக்டோபரில் லாவ்கா எஞ்ஞேவில் மொராலெஸ் தரப்பு மாநாடு ஆர்சேவை நீக்கியது. 2024 மேயில் எல் ஆல்டோவில் ஆர்சே தரப்பு மாநாடு குரோவர் கார்சியாவைத் தலைவராக்கியது. கட்சிப் பெயரும் சின்னமும் யாருக்கு என்று கடைசியில் முடிவு செய்தது நீதிமன்றம்.

இங்கே ஒரு விதி இல்லாமல் போனது எல்லாவற்றையும் கெடுத்தது: மாநாட்டைக் கூட்டும் அதிகாரம் யாருக்கு, எத்தனை நாள் அறிவிப்போடு, எந்த உறுப்பினர் பட்டியலின்படி என்பதில் இரு தரப்பும் ஏற்ற ஒரு நடைமுறை. இதை ஒற்றுமை இருக்கும் நாளில் எழுதி வைக்க வேண்டும். சண்டை வந்தபின் எழுதும் எந்த வாசகமும் ஒரு தரப்பின் வாசகமாகவே படிக்கப்படும்.

அக்டோபர் 26, ஞாயிறு

ஒழுங்காக நடந்ததையும் எழுத வேண்டும். ஜோதிபாசு 1977 ஜூன் முதல் மேற்கு வங்க முதல்வர். 1999 ஜனவரியில் புத்ததேவ் பட்டாச்சார்யா துணை முதல்வரானார். 2000 நவம்பர் 6 அன்று பொறுப்பு கைமாறியது. 2001 மேயில் தேர்தல். 294இல் இடது முன்னணிக்கு 199 இடம்.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு இரண்டாமிடம், பிறகு தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பு முதலிடம். புதியவர் மக்களிடம் தன் பெயரில் போக நேரம் கிடைத்தது, பழையவர் பிரச்சாரத்தில் பக்கத்தில் நின்றார். இதற்குப் பத்தாண்டு கழித்து வந்த தோல்விக்குக் காரணங்கள் வேறு. கைமாறிய விதத்தில் குறை சொல்ல எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 7, வெள்ளி

திடீர் வெற்றிடம். லெனின் 1922 டிசம்பரிலும் 1923 ஜனவரி 4 அன்றும் சொல்லி எழுதவைத்த கடிதம் ஆறு தலைவர்களை எடைபோடுகிறது. அடுத்தவர் என்று யாரையும் சுட்டவில்லை. மத்தியக் குழுவைப் பெரிதாக்கச் சொல்கிறது, ஸ்டாலினைப் பொதுச்செயலாளர் பொறுப்பிலிருந்து மாற்றச் சொல்கிறது. 1924 மேயில், அவர் இறந்து நான்கு மாதம் கழித்து, 13ஆவது மாநாட்டின் பிரதிநிதிக் குழுக்களுக்குத் தனித்தனியாக வாசித்துக் காட்டப்பட்டது. மாநாட்டின் பொது அமர்வில் விவாதம் இல்லை. எழுதியவர் பதில் சொல்ல முடியாத நாளில், விவாதிக்க முடியாத வடிவில் வந்த விமர்சனம் எதையும் மாற்றவில்லை.

யெச்சூரி 2024 செப்டம்பர் 12 அன்று மறைந்தார். அம்மாத இறுதியில் மத்தியக் குழு பிரகாஷ் காரத்தை மாநாடு வரை ஒருங்கிணைப்பாளராக வைத்தது. 2025 ஏப்ரல் 6 அன்று எம்.ஏ.பேபி வரும்வரை ஏழு மாதம் பொதுச்செயலாளர் இல்லை. மாநாடு நெருங்கியிருந்ததால் இது பொருந்தியது. மாநாட்டுக்கு இரண்டரை ஆண்டு இருக்கும்போது இப்படி நேர்ந்தால்? எத்தனை நாளுக்குள் மத்தியக் குழு கூட வேண்டும், இடைக்காலப் பொறுப்பாளர் அடுத்த தேர்தலில் நிற்கலாமா கூடாதா என்று எழுதியிருக்க வேண்டும். கூடாது என்பதே என் கருத்து. நிற்கப்போகிறவர் கையில் பேனல் தயாரிப்பைக் கொடுத்தால் மற்றவர்கள் பேசத் தயங்குவார்கள்.

நவம்பர் 9, ஞாயிறு

திருத்தமாக எழுதினால் இப்படி வரும். நகல் தீர்மானம் வெளியாகும் அதே நாளில், வயதாலும் பதவிக்காலத்தாலும் காலியாகும் இடங்களின் பட்டியலும் கிளைகளுக்குப் போக வேண்டும். பெயர் வேண்டாம், எண்ணிக்கையும் எந்த அரங்கம் (தொழிற்சங்கம், விவசாய சங்கம் போன்ற பணிக்களம்), எந்த மாநிலம் என்பதும் போதும். மாநாட்டுக்கு முப்பது நாள் முன்பு மாநிலக் குழுக்கள் பெயர்களை எழுதி அனுப்பலாம். பேனல் கடைசி நாளுக்குப் பதில் இரண்டாம் நாள் மாலையே பிரதிநிதிகளுக்குத் தரப்பட வேண்டும், ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த ஆண்டு, பணியாற்றும் அரங்கம், இதுவரை இருந்த பதவிக்காலங்கள். கோஷ்டி சேர இது வழிவிடும் என்பார்கள். கோஷ்டி இப்போதும் சேர்கிறது; பட்டியலைப் பார்க்காத பிரதிநிதி மட்டும்தான் அதில் சேராமல் வெளியே நிற்கிறார்.

விலக்கு: விடைபெறும் குழு பரிந்துரைக்கலாம், முடிவு மாநாட்டின் ரகசிய வாக்கில், காரணம் எழுத்தில், ஒரே ஒரு பதவிக்காலத்துக்கு. முதலமைச்சர் பொறுப்பு காரணமென்றால் அந்தப் பொறுப்பு முடியும் நாளில் விலக்கும் முடிந்துவிட வேண்டும்.

விடைபெற்ற தலைவர்களைச் சிறப்பு அழைப்பாளராக வைத்துக்கொள்வது நல்ல வழக்கம், வாக்கு இல்லாமல். அதோடு ஒரு வரி சேர்க்கலாம்: அழைப்பாளர்கள் உறுப்பினர் எல்லோரும் பேசி முடித்த பிறகே பேசுவார்கள்.