எட்டாவது கேள்வி படுத்திய பாடு

முதுகலை உளவியல் இறுதியாண்டில் நான் எடுத்த தலைப்பு, விடுதியில் தங்கிப் படிக்கும் முதலாமாண்டு மாணவர்களின் சுயமதிப்பு. எந்த அளவுகோல் என்பதில் குழப்பமே இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மாரிஸ் ரோசன்பெர்க் 1965-இல் வெளியிட்ட பத்துக் கேள்வி அளவுகோல்தான். கேள்வி என்றாலும் எல்லாம் வாக்கியங்கள்; எவ்வளவு உடன்படுகிறோம் என்று நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்ய வேண்டும், ஒன்று முதல் நாலு வரை மதிப்பெண். உலகம் முழுக்கப் புழங்குவது, இரண்டு மூன்று நிமிடத்தில் நிரப்பிவிடலாம். மாணவர்களில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள் என்பதால் நானே தமிழில் மொழிபெயர்த்தேன். ஆங்கிலத் துறை நண்பர் ஒருவர், மூலத்தைப் பார்க்காமலே அதைத் திரும்ப ஆங்கிலமாக்கித் தந்தார். கிட்டத்தட்ட அச்சு அசலாக மூலமே வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

முன்னோட்டமாக நாற்பது பேரிடம் கொடுத்து வாங்கி, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, க்ரான்பாக் ஆல்ஃபா போட்டேன். எண் மைனஸில் வந்தது! கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைச் சொல்லும் எண் அது. 0.7-ஐத் தாண்டினால்தான் எங்கள் துறையில் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். மைனஸ் வந்த காரணம் அற்பமானது. பத்தில் ஐந்து கேள்விகள் எதிர்மறையானவை, அதாவது ஒப்புக்கொண்டால் சுயமதிப்பு குறைவு என்று பொருள். அவற்றின் மதிப்பெண்ணை நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு இரண்டு என்று திருப்பிப் போட வேண்டும். மறந்திருந்தேன். திருப்பிய பிறகு 0.6-க்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

எந்தக் கேள்வியை நீக்கினால் ஆல்ஃபா எவ்வளவு ஏறும் என்று அந்த மென்பொருளே ஓர் அட்டவணை போட்டுக் காட்டும். வசதி என்பதைவிடச் சபலம் என்று சொல்லலாம். எட்டாவதையும் ஐந்தாவதையும் தூக்கினால் 0.7 தாண்டியது. தூக்கிவிட்டு கைடு மேடத்திடம் போனேன்.

"ஏம்பா எடுத்த?"

"ஆல்ஃபா ஏறுது மேடம்."

"இந்த நாற்பது பேருக்கு ஏறுது. அடுத்த நாற்பது பேர் வந்தா வேற ரெண்டு கேள்வியை எடுப்பியா? அதைப் படிச்சப்போ அந்தப் பசங்க என்ன நினைச்சாங்கன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அடுத்த வாரம் ஏழெட்டுப் பேரை ஒவ்வொருவராக உட்காரவைத்து, கேள்வியைச் சத்தமாகப் படித்து மனதில் ஓடுவதை அப்படியே சொல்லச் சொன்னேன். மொத்த ஆய்விலும் எனக்குப் பிடித்த வாரம் அதுதான்.

எட்டாவது கேள்வியை நான் இப்படி எழுதியிருந்தேன்: "என் மீது எனக்கு இன்னும் அதிக மரியாதை இருந்தால் நன்றாக இருக்கும்." ரோசன்பெர்க் கணக்குப்படி இதை ஒப்புக்கொள்பவருக்குச் சுயமதிப்பு குறைவு. முதலில் வந்த பையன், "ஆமாண்ணா, இருக்கணும்ல? யாருக்குத்தான் வேணாம்?" என்றான். அவனுக்கு அது குறையே இல்லை, லட்சியம். அடுத்து வந்த பெண், மற்றவர்கள் தன்னை இன்னும் மதிக்க வேண்டும் என்று புரிந்துகொண்டிருந்தாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. தமிழில் மரியாதை என்பது அடுத்தவர் கொடுப்பது. தனக்குத் தானே மரியாதை கொடுத்துக்கொள்கிறேன் என்று வீட்டில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறோமா?

ஐந்தாவது இன்னும் மோசம். "பெருமைப்பட என்னிடம் அதிகம் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தேன். பெருமை என்றதும் தற்பெருமை என்று எடுத்துக்கொண்டு, "ஆமா, பெருமையடிக்கிறது தப்புதானே" என்று அடக்கமாக டிக் போட்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, "இல்லை" என்று முடியும் வாக்கியத்துக்கு "உடன்படவில்லை" என்று ஒரு விடை. இல்லைக்கு இல்லை சொன்னால் ஆமாம் ஆகுமா என்று யோசித்துத் தடுமாறி, நினைத்ததற்கு நேரெதிர்க் கட்டத்தில் போட்டவர்களும் இருந்தார்கள்.

என் நண்பரின் மறுமொழிபெயர்ப்பு இதையெல்லாம் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொல்லுக்குச் சொல் நான் சரியாகத்தான் மாற்றியிருந்தேன், அதனால் அது சரியாகவே திரும்பிப் போனது. பிறகு தேடியபோது டேவிட் ஷ்மிட், யூரி ஆலிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2005-இல் எழுதிய கட்டுரை கிடைத்தது. இதே அளவுகோலை 28 மொழிகளில், 53 நாடுகளில் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எதிர்மறைக் கேள்விகளை நாட்டுக்கு நாடு வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று அதிலேயே இருந்தது. முதல் மாதமே படித்திருந்தால் முடி கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

ஐந்தாவதை "என்னைப் பற்றி நிறைவாக நினைக்க என்னிடம் இருப்பது கொஞ்சம்தான்" என்றும், எட்டாவதை "என்னை நான் மதிப்பது போதாது என்று தோன்றுகிறது" என்றும் மாற்றினேன். புதிய ஆட்களிடம் கொடுத்தபோது ஆல்ஃபா 0.7-ஐத் தாண்டியது. எட்டாவது மட்டும் இன்னமும் மற்றவற்றோடு சரியாக ஒட்டவில்லை. அதை நீக்காமல், வைத்தும் எடுத்தும் இரண்டு விதமாகக் கணக்கிட்டு ஆய்வேட்டில் எழுதினேன்.

அப்புறம் மறுசோதனை. அதே ஆட்களிடம் இரண்டு வாரம் கழித்து அதே தாளைக் கொடுத்து, மதிப்பெண் நிலையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயர் வாங்கக் கூடாது என்பதால், அம்மா பெயரின் முதலெழுத்தும் கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கமும் குறியீடாகக் கேட்டிருந்தேன். முதல் முறை 'ச' என்று எழுதிய பலர் இரண்டாம் முறை ஆங்கிலத்தில் 'S' என்று எழுதியிருந்தார்கள். அந்த எழுத்து சாந்தியா ஷீலாவா என்று யாருக்குத் தெரியும்? இடையில் சிலர் சிம்மையும் மாற்றிவிட்டார்கள். ஜோடி சேராத தாள்களை ஒதுக்கத்தான் வேண்டியிருந்தது. இதைச் செய்யப்போகிறவர்கள் எந்த மொழியில் எழுத வேண்டும் என்று தாளிலேயே அச்சடித்துவிடுங்கள்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுப்போயிற்று. 1951-இல் ஆல்ஃபாவைப் பிரபலமாக்கிய லீ க்ரான்பாக், அந்தச் சூத்திரத்துக்குத் தன் பெயர் ஒட்டிக்கொண்டது தனக்குச் சங்கடம் என்று எழுதியிருக்கிறார். அவர் மறைந்த பிறகு 2004-இல் வெளிவந்த கட்டுரை அது. நம்பகத்தன்மையை ஆராய ஆல்ஃபாதான் சிறந்த வழி என்று தான் இப்போது கருதவில்லை என்றும் அதில் சொல்கிறார்.

இப்போது ஜூனியர்கள் என் தமிழ் வடிவத்தைக் கேட்டு வாங்குகிறார்கள். எட்டாவது கேள்வியைப் பற்றிய இரண்டு பக்கத்தையும் சேர்த்தே அனுப்புகிறேன். வருகிற பதில், "தேங்க்ஸ்ணா. ஆல்ஃபா எவ்ளோ வந்துச்சு?"