ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே ஜப்பானில் என்3 மொழித் தேர்வு எழுதுவது

ஜப்பான் பள்ளிகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அங்கே போய் இருந்தால் மொழி தானாக வந்துவிடும் என்று நம்பாதீர்கள். ஏஎல்டி எனப்படும் துணை ஆசிரியரை வைத்துக்கொள்வதே பிள்ளைகள் காதில் ஆங்கிலம் விழட்டும் என்றுதான். வகுப்பில் நாம் ஜப்பானிய மொழி பேசுவதைச் சில பள்ளிகள் விரும்புவதில்லை. ஆசிரியர் அறைக்கு வந்தால், ஆங்கில ஆசிரியர்கள் நம்மிடம் தங்கள் ஆங்கிலத்தைப் பழகிப் பார்ப்பார்கள். மற்றவர்கள் சிரித்தபடி தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இப்படியே வருஷம் ஓடிவிடும். சில வருஷம் இருந்த பிறகும் வங்கிக்குத் துணைக்கு ஆள் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதனால்தான் ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வுக்கு முதலில் பணத்தைக் கட்டிவிடச் சொல்கிறேன். அதில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலைகள், என்3 நடு நிலை. ஜூலை, டிசம்பர் என்று வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கிறது. நான் சொல்வது டிசம்பர். ஆகஸ்டில் பிள்ளைகளுக்கு விடுமுறை, ஆனால் பல ஊர்களில் ஏஎல்டி மட்டும் வந்து மேசை முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். வேலை இருக்காது. அந்த நேரம் முழுக்க கான்ஜி எனும் சீன வழி எழுத்துகளுக்கு.

இலக்கணத்தைப் பற்றி நமக்கு அவ்வளவு கவலை வேண்டாம். வினை கடைசியில் வருவது, வேற்றுமை உருபு போலப் பெயருக்குப் பின்னால் ஒட்டுவது எல்லாம் நமக்குப் பழகிய வழிதான். 'தபெதே மிரு' என்றால் அப்படியே 'சாப்பிட்டுப் பார்'. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தாலும் மனதுக்குள் தமிழில் வைத்துப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். மிச்சமாகும் நேரத்தைக் கான்ஜிக்கும் கேட்டல் பகுதிக்கும் கொடுங்கள்.

இரண்டுக்கும் பள்ளியிலேயே சரக்கு கிடக்கிறது. தொடக்கப் பள்ளியில் மாதாமாதம் மதிய உணவுப் பட்டியல் ஒரு தாளில் வரும். எந்த நாள் என்ன சாப்பாடு, அதில் என்னென்ன சேர்கிறது என்று கட்டம் கட்டமாக இருக்கும். பொருள்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று வகையாகப் பிரித்திருப்பார்கள்: உடம்பை வளர்ப்பது, சக்தி தருவது, உடம்பைச் சீராக வைப்பது. சின்னப் பிள்ளைகளுக்கானது என்பதால் கான்ஜிக்கு மேலே பெரும்பாலும் ஹிராகனா எனும் ஒலி எழுத்துகளில் உச்சரிப்பும் இருக்கும். காலையில் அதைப் படித்துவிட்டு மதியம் அதையே தட்டில் பார்த்தால் சொல் மறக்காது. பெற்றோருக்குப் போகும் அறிவிப்புகளையும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'எத்தனை மணிக்கு, யார், எதை எடுத்து வர வேண்டும்' என்று அறிவிப்பில் தேடிக் கண்டுபிடிக்கும் கேள்வி தேர்விலும் உண்டு.

கேட்டலுக்குக் காலைக் கூட்டம். துணைத் தலைமை ஆசிரியர் மடமடவென்று சொல்லிக்கொண்டே போவார். எல்லாம் புரியாது, புரிய வேண்டியதும் இல்லை. இன்று எந்த வகுப்பு மாறுகிறது என்பதை மட்டும் பிடியுங்கள். பிள்ளைகள் பேச்சு வேறு ரகம். ஒசாகா இருக்கும் கன்சாய் பக்கம் 'அகன்' (கூடாது), 'ஹொன்மா' (நிஜமா) என்று வட்டார வழக்கு காது நிறையக் கேட்கும். நட்புக்கு நல்லது, தேர்வில் வருவது பொது வழக்குதான்.

என்3இல் மொத்தம் 180 மதிப்பெண், தேர்ச்சிக்கு 95. ஆனால் சொல்-இலக்கணம், வாசிப்பு, கேட்டல் என்ற மூன்று பகுதிகளிலும் 60க்குக் குறைந்தது 19 மதிப்பெண் தனித்தனியாக வாங்க வேண்டும். ஒன்றில் குறைந்தால் மொத்தம் எவ்வளவு வந்தாலும் தோல்விதான். சொற்களுக்கான முதல் தாள் 30 நிமிடம், இலக்கணமும் வாசிப்பும் சேர்ந்த தாள் 70, கேட்டல் 40. முடிந்த தாளுக்குத் திரும்பப் போக முடியாது. வாசிப்பில் நீளமான பத்தியிலேயே நின்றுவிடாதீர்கள். கடைசியில் இருக்கும் அறிவிப்புக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். கேட்டலில் ஒலி ஒரே ஒரு முறைதான். சில கேள்விகளுக்குத் தாளில் விடைகள்கூட அச்சாகி இருக்காது. போன விடையை நினைத்துக்கொண்டிருந்தால் அடுத்ததும் போய்விடும். அப்புறம், கைபேசியை முழுசாக அணைத்துவிடுங்கள். அலாரம் அடித்தால்கூட வெளியே அனுப்பிவிடுவார்கள்.

இந்தத் தேர்வில் பேச்சுக்கு மதிப்பெண்ணே கிடையாது. அதற்கு ஊர்தோறும் உள்ள சர்வதேசப் பரிமாற்றச் சங்கங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகளைத் தேடிப் போங்கள், இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ இருக்கும். ஆசிரியர் வேலையிலேயே இருக்கப் போகிறவருக்கு என்3 போதும் என்பது என் எண்ணம். அலுவலக வேலைக்கு மாற நினைத்தால் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு படி மேலான என்2 கேட்கும். டிசம்பர் தேர்வின் முடிவு ஜனவரியில் வந்துவிடும், ஜூலைக்கான விண்ணப்பத்துக்கு முன் யோசிக்க நேரம் இருக்கும்.