வரி முடிந்த இடத்தில் ஒரு வாய்க்கால்

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டு பி.ஏ. ஆங்கில இலக்கியத்தில் சேர்ந்தவள் நான். நீடாமங்கலம் பக்கம் கிராமம். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25-க்கு 9 மார்க் வாங்கினேன். கைடில் இருந்த விடையைக் கமா விடாமல் மனப்பாடம் செய்து எழுதியிருந்தேன். உவமை, உருவகம், படிமம், மோனை என்று எல்லாப் பெயர்களும் அதில் இருந்தன. விடைத்தாளின் ஓரத்தில் மேடம் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "சரி, அதனால் கவிதைக்கு என்ன ஆகிறது?"

அதற்குப் பதில் சொல்லக் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு செமஸ்டர் முழுக்க ஆனது. எப்படிக் கற்றேன் என்பதை எழுதுகிறேன். என்னைப் போல முதல் தலைமுறையாக இந்தப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள் டெல்டாவில் நிறைய இருக்கிறார்கள்.

எங்களுக்குப் பாடமாக இருந்தது ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸ் 1819 செப்டம்பரில் எழுதிய 'டு ஆட்டம்' (இலையுதிர் காலத்துக்கு). இலையுதிர் காலத்தை முன்னால் நிறுத்திப் பேசுகிற கவிதை, பதினோரு வரி வீதம் மூன்று பத்திகள். இலை உதிர்வதென்றால் சோகம் என்று கைடு சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன். இங்கிலாந்தில் அதுதான் அறுவடைக் காலம் என்பதே எனக்குத் தெரியாது.

மேடம் சொன்ன வழி எளிமையானது. கைடை மூடி வை. கவிதையை உன் கையால் நோட்டில் எழுது, வரி எங்கே முடிகிறதோ அங்கேயே முடி. மூன்று தடவை வாய்விட்டுப் படி. அப்புறம் வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடு. புத்தகம் வாங்கவும் தேவையில்லை, இந்தக் கவிதை பழைய நூல்களை இணையத்தில் தரும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அடிக்கோடு போட்டுப் பார்த்தபோதுதான் முதல் கதவு திறந்தது. முதல் பத்தியில் சுமையேற்ற, வளைக்க, நிரப்ப, பருக்க என்று வினையெச்சங்களாகவே வருகின்றன. பள்ளியில் தமிழ் இலக்கணம் படித்த கண் முற்று எங்கே என்று தேடியது. பதினோரு வரியிலும் முதன்மை வினைமுற்று இல்லை! பழங்கள் நிறைந்துகொண்டே போகின்றன, வாக்கியமோ முடியவே இல்லை. வெயில் நாட்கள் ஓயவே ஓயாது என்று தேனீக்கள் நினைத்துக்கொள்வதாகக் கடைசிக்கு முந்தின வரி சொல்கிறது. தேனீக்கள் நினைப்பதைத்தான் வாக்கியமும் செய்துகொண்டிருக்கிறது. மேடம் கேட்ட "அதனால் என்ன ஆகிறது" என்பதன் பொருள் அன்றைக்குத்தான் புரிந்தது.

யாப்பில் ரொம்பத் தடுமாறினேன். நம் யாப்பு குறில், நெடில், ஒற்று பார்த்து நேரசை, நிரையசை பிரிக்கும். ஆங்கில யாப்பு சொல்லில் எந்த இடம் அழுத்தி ஒலிக்கிறது என்று மட்டும் பார்க்கும். முதல் வரியில் 'மெல்லோ' என்று ஒரு சொல் வருகிறது. 'லோ' நெடிலாகக் கேட்பதால் அழுத்தம் அங்கேதான் என்று போட்டேன். அது தப்பு, அழுத்தம் 'மெல்' மேல் விழுகிறது. நெடிலைப் பார்த்து அழுத்தம் போடும் இந்தப் பழக்கம் தமிழ்வழிப் பிள்ளைகள் பலருக்கும் வரும் என்று நினைக்கிறேன். உச்சரிப்பு தரும் அகராதியில் அழுத்தமான அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்னக் கோடு இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, மேசையில் தட்டித் தட்டித்தான் பழகினேன்.

இரண்டாம் பத்தியில் இலையுதிர் காலம் ஓர் ஆளாக வருகிறது. தானியக் களஞ்சியத்தின் தரையில் உட்கார்ந்திருக்கிறது, தூற்றுகிற காற்றில் அதன் தலைமுடி எழும்புகிறது. அப்புறம், அறுத்த வயலில் சிந்திய கதிர் பொறுக்கியவர் தலைச்சுமையோடு ஓடையைத் தாண்டுவதுபோல ஒரு காட்சி. சுமை ஆடாமல் நிலையாக வைத்துக்கொள்வதாகச் சொல்லும்போது 'கீப்' என்ற சொல்லோடு வரி முடிந்துவிடுகிறது. 'ஸ்டெடி' அடுத்த வரியில் இருக்கிறது.

"ஏன் அங்கே வெட்டினார்?" என்று மேடம் கேட்டார். வகுப்பில் யாரும் பேசவில்லை. எனக்கு எங்கள் அப்பாயிதான், அப்பாவின் அம்மா, ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் ஊருக்கு அறுப்பு மெஷின் வருவதற்கு முன்னால் சும்மாடு கூட்டி, நெற்கட்டைத் தலையில் வைத்து, வாய்க்காலுக்குக் குறுக்கே கிடக்கும் ஒற்றைத் தென்னைமரத்தில் நடந்து களத்துக்குப் போவார். மரத்தில் கால் வைக்கும் முன் ஒரு நொடி நிற்பார், கழுத்து நேராகும், அப்புறம்தான் அடி எடுத்து வைப்பார். அந்த ஒரு நொடிதான் வரி முடிகிற இடம். படிக்கிறவரும் அங்கே நின்று, சுமை சரியாமல் அடுத்த வரிக்குக் கால் வைக்க வேண்டியிருக்கிறது. எழுந்து நின்று இதைத் தமிழிலேயே சொன்னேன். எஃப். ஆர். லீவிஸ் என்ற விமர்சகர் இந்த வரிமுறிவைப் பற்றி 1936-லேயே எழுதியிருக்கிறார் என்று மேடம் சொன்னார். எனக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டாரே என்று வருத்தமே வரவில்லை. நீடாமங்கலத்திலிருந்தும் அதே இடத்துக்கு வந்து சேர முடிகிறது என்பதில் அவ்வளவு சந்தோஷம்.

கதை படிப்பது சுலபம் என்று நினைத்திருந்தேன். கதைச்சுருக்கம் எழுதுவதையே ஆய்வு என்று எண்ணியதுதான் காரணம். கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் என்ற எழுத்தாளர் 1920-இல் வெளியிட்ட 'மிஸ் பிரில்' என்ற சிறுகதை பாடமாக இருந்தது. தனியாக வாழும் ஒரு பெண்மணி, ஞாயிற்றுக்கிழமை தன் பழைய ரோமக் கழுத்துத்துணியைப் போட்டுக்கொண்டு பூங்காவுக்குப் போய் எல்லாரையும் வேடிக்கை பார்க்கிறாள். பக்கத்தில் வந்து உட்காரும் இளம் ஜோடி அவளைக் கிழவி என்று கேலி பேசுவது காதில் விழுகிறது. வீட்டுக்குத் திரும்புகிறாள்.

மேடம் இரண்டு நிறப் பேனா எடுக்கச் சொன்னார். கதைசொல்லியின் வார்த்தைக்கு நீலம், அவள் மனசின் வார்த்தைக்குப் பச்சை. பாதி வரிகளுக்கு எந்த நிறம் என்றே முடிவு செய்ய முடியவில்லை. தமிழில் 'என்று நினைத்தாள்' என்று சேர்ப்போமே, அதை மான்ஸ்ஃபீல்ட் பல இடங்களில் எடுத்துவிடுகிறார். படர்க்கையில் போய்க்கொண்டிருக்கும் வாக்கியம், ஆனால் உள்ளே பேசுவது அவள் குரல். நிறம் தெரியாமல் நான் திணறிய வரிகள்தான் கதையின் உயிர்.

செமஸ்டர் லீவில் அப்பாயியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து, கழுத்துத்துணியைக் கழற்றி, பார்க்காமலே பெட்டியில் வைத்து மூடுகிறாள், மூடும்போது ஏதோ அழுவதுபோல அவளுக்குக் கேட்கிறது, அதோடு கதை முடிந்தது என்றேன்.

"அப்ப அவ அழுவலையா?" என்று கேட்டார் அப்பாயி.

"அழுதான்னு கதையில இல்ல அப்பாயி. ஏதோ அழுதுச்சுன்னுதான் இருக்கு."

கொஞ்ச நேரம் முறத்தில் அரிசியைத் தள்ளிக்கொண்டே இருந்தார். "தான் அழுவுறதையே அவளால ஒத்துக்க முடியல பாவம்" என்றார்.

அடுத்த உள்மதிப்பீட்டுத் தேர்வில் அந்தக் கதையின் முடிவைப் பற்றிக் கேள்வி வந்தது. அப்பாயியின் கேள்வியை ஆங்கிலத்தில் முதல் வரியாக எழுதி, 'யாரோ' என்று இல்லாமல் 'ஏதோ' என்று இருப்பதிலிருந்து விடையைத் தொடங்கினேன்.